ரங்கூன் கோயில் பக்கத்தை அவிழ்த்துக் கட்டிய வேலைக் குறிப்பு

ரங்கூனில் எங்கள் பகுதிக் கோயிலுக்கு ஒரு இணையப் பக்கம் ரொம்ப வருடமாக இருக்கிறது. கோபுரப் படம், மஞ்சளும் சிவப்புமாகக் கரை, மேலே ஓடிக்கொண்டே இருக்கும் திருவிழா அறிவிப்பு, பூஜை நேரம், மண்டபம் கேட்டு எழுத ஒரு படிவம், தமிழ், பர்மியம், ஆங்கிலம் என்று மூன்று மொழி. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் எது தலைப்பு, எது நேரம், எந்த வரி தமிழ், எந்த வரி பர்மியம் என்பதெல்லாம் கண்ணால் பார்க்கிற மனிதருக்கு மட்டுமே தெரியும். உலாவிக்கும் தெரியாது, போனுக்கும் தெரியாது, தேடுபொறிக்கும் தெரியாது. பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் ஒவ்வொரு துண்டையும் குறிக்கும் டேக்குகளில், எல்லாமே பொருள் எதுவும் சொல்லாத டிவ், ஸ்பான், பழைய எழுத்துரு டேக், அவ்வளவுதான். நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டதால் அதை அடியோடு அவிழ்த்து, ஒவ்வொரு துண்டும் என்ன என்று குறியிலேயே சொல்லிக் கட்டினேன். தோற்றத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டேன், மாறியதெல்லாம் உள்ளேதான். இதேபோல் பழைய சங்கப் பக்கமோ பள்ளிப் பக்கமோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று அந்த வேலையை எழுதி வைக்கிறேன்.

யாரெல்லாம் இந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எடுத்த முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் இணையத்துக்கு வந்ததே போன் வழியாகத்தான். 2014-இல் சிம் கார்டு 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு போன் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, கணினி அப்படி வரவில்லை. கரண்ட் போனால் சிக்னலும் நொண்டும், டேட்டாவும் விலை. அப்புறம் எங்கள் பிள்ளைகள். 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு தமிழ் எழுத்து பிழைத்தது கோயில் வகுப்பிலும் வீட்டுத் திண்ணையிலும்தான். அதனால் தமிழைத் தடையில்லாமல் பேசுகிற, ஆனால் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள் நிறையப் பேர். பர்மிய எழுத்தைச் சரளமாகப் படிப்பார்கள், தமிழ் நோட்டீஸை நீட்டினால் "நீங்களே படிச்சுச் சொல்லுங்க மாமா" என்பார்கள். கோயில் வகுப்பில் ஒரு காலத்தில் பாடம் எடுத்த வாத்தியார் ஒருவர், சர்க்கரையில் பார்வை போனவர், திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைக் கணினியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டே தெரிந்துகொள்கிறார். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவுக்காரர்கள் அபிஷேக நேரலைக்கு நேரம் பார்க்க வருகிறார்கள். இத்தனை பேருக்கும் வேண்டியது ஒன்றேதான். பக்கம் தன்னை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து, அவருடைய கணினியிலேயே பழைய பக்கத்தைக் கேட்டேன். மெனு முழுக்கப் படப் பட்டன்கள், படத்தைச் சொல்லால் விவரிக்கும் மாற்று எழுத்து எதுவும் இல்லை, அதனால் ஒவ்வொரு லிங்க்குக்கும் படக் கோப்பின் பெயரைத்தான் அது வாசித்தது. எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவ வேண்டும். அடுத்த தலைப்பு இல்லை என்று சொல்லிவிட்டது, திரையில் பெரிய பெரிய சிவப்புத் தலைப்புகள் இருந்தும். தமிழ்ப் பகுதிக்குப் போனதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்ட ஆரம்பித்தது. "தம்பி, இது பேசுது, ஆனா ஒண்ணுத்தையும் சொல்ல மாட்டேங்குது" என்றார். வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் முன்னால் வைத்துக்கொண்டேன்.

ஆங்கில எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்றால், பழைய அறிவிப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரியும், ஆனால் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு என்ற சட்டையைக் கழற்றினால் அடியில் தமிழே இல்லை. பக்கத்துக்குள் தேடினால் கிடைக்காது, நகல் எடுத்து ஒட்டினால் குப்பை, திரைவாசிப்பான் வாசித்தால் வாத்தியாருக்குக் கேட்டதுதான். தலைப்பு, பட்டியல் என்று எத்தனை அழகான டேக் போட்டாலும், அடியில் இருக்கும் எழுத்தே பொய் என்றால் பயன் இல்லை. அதனால் முதல் வேலை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவது.

மாற்றித் தரும் கருவிகள் நிறைய உண்டு, ஆனால் மொத்தப் பக்கத்தையும் அள்ளிப் போட்டால் நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். அந்தக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. இங்கே ஒரு நல்ல பிடி கிடைத்தது. எழுத்துரு டேக்கில் பாமினி என்று பெயர் எழுதியிருந்த இடங்கள் மட்டும்தான் தமிழ். எல்லாரும் திட்டுகிற அந்தப் பழைய டேக்தான் இந்தப் பக்கத்தில் 'இது தமிழ்' என்று சொன்ன ஒரே குறி. ஆகவே அதைத் தூக்கி எறிவதற்கு முன், அதற்குள் இருக்கும் எழுத்தை மட்டும் யூனிகோடாக்கி, அதே இடத்தில் தமிழ் என்ற மொழிக் குறியோடு ஒரு ஸ்பானை வைக்கும்படி சின்ன நிரல் எழுதினேன். பழைய பக்கத்தைச் சரிசெய்கிறவர்கள் எழுத்துரு டேக்குகளை முதல் நாளே அழித்துவிடாதீர்கள், அவற்றில் தகவல் இருக்கிறது.

பர்மியப் பகுதி இதைவிடக் கடினம். இங்கே ஜாஜி என்ற எழுத்துரு முறை பல வருடம் போன்களில் எல்லாம் குடியிருந்தது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறுவதாக அரசு அறிவித்தது, ஆனாலும் அதற்கு முன் எழுதியதெல்லாம் ஜாஜியிலேயே கிடக்கிறது. பாமினியாவது ஆங்கில எழுத்துக் குறியீடுகளில் உட்கார்ந்திருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். ஜாஜி யூனிகோடின் பர்மிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு எழுத்துகளை வேறு வரிசையில் வைக்கிறது. நமக்கு இது எளிதாகப் புரியும், ஏனென்றால் தமிழில் ஒற்றைக் கொம்பு எப்படி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறதோ அப்படியே பர்மியத்திலும் ஒரு உயிர்க்குறி இடப்பக்கம் நிற்கும். யூனிகோடு இரண்டு மொழியிலும் மெய்யை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் சேமிக்கிறது. பாமினியும் ஜாஜியும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, கொம்பை முன்னால் சேமிக்கின்றன. எது ஜாஜி, எது யூனிகோடு என்று கண்டுபிடிக்க கூகுள் வெளியிட்ட மியான்மார் டூல்ஸ் என்ற திறந்த நிரல்தொகுப்பு இருக்கிறது. ஒரு பத்தியைக் கொடுத்தால் அது ஜாஜியாக இருக்கும் வாய்ப்பை பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு எண்ணாகச் சொல்லும். நீளமான பத்திகளில் தயங்காமல் சொல்கிறது. ஓரிரு சொல் மட்டும் இருக்கிற பட்டன், அட்டவணைக் கட்டம் போன்றவற்றில் இரண்டு முறையிலும் எழுத்து ஒன்றாகவே இருக்கலாம், அங்கே அதை நம்ப முடியாது. அந்த இடங்களைத் தனியாகப் பட்டியல் எடுத்து, பர்மியம் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைக் கொண்டு கண்ணால் பார்க்க வைத்தேன்.

எழுத்து நேரானதும் மொழிக் குறி. இதுதான் என் கணக்கில் இந்த வேலையின் உயிர், செலவு ஒன்றுமே இல்லாத வேலையும் இதுதான். எச்டிஎம்எல் டேக்கில் லாங் என்ற பண்பு, தமிழுக்கு டி-ஏ, பர்மியத்துக்கு எம்-ஒய், ஆங்கிலத்துக்கு இ-என். முழுப் பக்கத்துக்கும் ஒன்று, நடுவில் வேறு மொழி வந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் தனியாக ஒன்று. இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியில் இந்த இரண்டும் தனித்தனி விதிகள், பக்கத்தின் மொழி, பகுதிகளின் மொழி என்று. பழைய பக்கம் மூன்று மொழிப் பகுதியிலும் ஆங்கிலம் என்றே எழுதியிருந்தது, எங்கிருந்தோ நகல் எடுத்த முதல் வரி அப்படியே தங்கிவிட்டது. குறி சரியானதும் நடந்ததைச் சொல்கிறேன். என்விடிஏ தமிழ் வரிக்கு வந்ததும் தமிழ்க் குரலுக்குத் தானாக மாறியது. அதனோடு வரும் இ-ஸ்பீக் என்ஜி குரல் தகரம் தட்டுகிற மாதிரி இருந்தாலும் சொல் தெளிவாக விழுகிறது, வாத்தியாருக்கு அது பழகிய குரல். உலாவி தமிழுக்கும் பர்மியத்துக்கும் வெவ்வேறு எழுத்துருவும் வரி உயரமும் எடுத்துக்கொள்ள, தோற்றத்தை எழுதும் ஸ்டைல் தாளில் மொழியைச் சொல்லியே எழுத முடிந்தது. பர்மிய எழுத்து மேலும் கீழும் அடுக்கு போகும், தமிழுக்கு வைத்த வரி இடைவெளி அதற்குப் போதாது, அடுத்த வரியில் இடிக்கும். முன்பு இதற்காகவே பத்திக்குப் பத்தி, ஸ்டைல் ஒட்டுவதற்கென்று தனி வகுப்புப் பெயர் (கிளாஸ்) வைத்திருந்தார்கள், அவை எல்லாம் போயின.

மொழி மாற்றும் பட்டன்களில் கொடிகள் இருந்தன. தமிழுக்கு இந்தியக் கொடி. தாத்தா காலத்திலிருந்து இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்களிடம் உன் மொழிக்கு இன்னொரு நாட்டுக் கொடியைத் தட்டு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, குழுவில் மூத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். கொடிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதனதன் எழுத்திலேயே எழுதி, அந்த லிங்க்குக்கே மொழிக் குறியும் வைத்தேன். லிங்க் போய்ச் சேரும் பக்கத்தின் மொழியைச் சொல்லும் எச்ரெஃப்லாங்கும் சேர்த்தேன். இப்போது என்விடிஏ மூன்று பெயரையும் மூன்று உச்சரிப்பில் சொல்கிறது.

தலைப்புகளுக்கு வருவோம். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் நீளமான பக்கத்தில் ஒன்றைத் தேட முதலில் செய்வது தலைப்பு தலைப்பாகத் தாவுவது. இணைய அணுகல்தன்மைக்காக வேலை செய்யும் வெப்எய்ம் அமைப்பு பல வருடமாக எடுக்கும் கருத்துக்கணிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பதில் இது. ஆகவே கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிகிற எல்லாம் உண்மைத் தலைப்பு டேக்காக வேண்டும். கோயில் பெயர் முதல் மட்டத் தலைப்பான எச்1. பூஜை நேரம், திருவிழாக்கள், மண்டபம், அன்னதானம், வரலாறு எல்லாம் எச்2. ஒவ்வொரு திருவிழாவும் எச்3. இங்கே பலர் இன்னும் நம்புகிற ஒரு விஷயம் உண்டு. எச்டிஎம்எல்5 வந்தபோது, செக்ஷன் என்ற பகுதி டேக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எல்லாவற்றிலும் எச்1 போட்டால் உலாவியே மட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும் என்று எழுதி வைத்தார்கள். எந்த உலாவியும் அதைத் திரைவாசிப்பானுக்குப் போய்ச் சேரும்படி செய்யவே இல்லை, 2022-இல் அந்தப் பகுதியை விதித்தொகுப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆகவே மட்டத்தை நாம்தான் கையால் சொல்ல வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும் என்பதற்காக எச்2-க்குப் பதில் எச்1 எடுக்கவும் கூடாது.

ஹெட்டர், நாவ், மெயின், ஃபுட்டர் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, டிவ்களின் வகுப்புப் பெயர்களே தலை, மெனு, நடு, கால் என்றுதான் இருந்தன, பெயரை டேக்காக மாற்றினால் முடிந்தது. இரண்டு நாவ் இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தேன், இல்லாவிட்டால் கேட்கிறவருக்கு எது எது என்று பிரியாது. மெயின் இருந்தால் திரைவாசிப்பான் ஒரே தாவலில் உள்ளடக்கத்துக்குப் போய்விடும். விசைப்பலகை மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்காக முதல் லிங்க்காக 'நேரே உள்ளடக்கத்துக்கு' என்று ஒன்று. செக்ஷன் டேக்கை அள்ளி இறைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பெயர் கொடுக்காத செக்ஷனை, நேரே தாவிப் போகக்கூடிய ஒரு நிலக்குறியாகத் திரைவாசிப்பான் சொல்வதும் இல்லை. இதெல்லாம் முடிந்ததும் ஃபயர்ஃபாக்ஸில் ஸ்டைல் இல்லாமல் பார்க்கும் வசதியை எடுத்துப் பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக, ஆனால் வரிசை குலையாமல், தலைப்பு, பட்டியல், அட்டவணை எல்லாம் தெரிகிற மாதிரி இருந்தது. சிக்னல் நொண்டி ஸ்டைல் தாள் வந்து சேராத நேரத்தில் எங்கள் மக்கள் போனில் பார்க்கப்போவது ஏறக்குறைய இதைத்தான். பழைய பக்கம் அந்த நிலையில் ஒரே கூழாக இருந்தது.

பூஜை நேரம் ஒரு படமாக இருந்தது. யாரோ அழகாக வடிவமைத்து, அகல்விளக்கு ஓரம் வைத்து, படமாக ஏற்றியிருக்கிறார்கள். போனில் பெரிதாக்கினால் மங்கும், கேட்க முடியாது, நேரம் மாறினால் வடிவமைத்தவரைத் தேடிப் போக வேண்டும், அதோடு டேட்டா. அதை உண்மை அட்டவணையாக்கினேன். வரிசைகளில் காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தஜாமம். நெடுக்கே சாதாரண நாள், வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. மேலே அட்டவணையின் பெயராகக் கேப்ஷன். முதல் வரிசையும் முதல் நெடுவரிசையும் தலைப்புக் கட்டம் என்று சொல்லும் டி-எச், அது எந்தத் திசைக்குத் தலைப்பு என்று சொல்லும் ஸ்கோப் பண்போடு. இப்போது வாத்தியார் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை வலப்பக்கம் அழுத்தினால் 'வெள்ளிக்கிழமை' என்று சொல்லிவிட்டு அதன் நேரத்தைச் சொல்கிறது, கீழே அழுத்தினால் 'அர்த்தஜாமம்' என்று சொல்லிவிட்டு அதன் நேரத்தை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கட்டமாகப் போய் முழு அட்டவணையையும் தானே நடந்து பார்த்தார். யாரையும் கேட்காமல்.

போனில் அட்டவணை அகலமாகிவிடும் என்று அதை ஸ்டைலில் பிளாக் ஆக்கி அட்டை அட்டையாக அடுக்குகிற வழக்கம் இருக்கிறது, நான் அதைச் செய்யவில்லை. அப்படி டிஸ்பிளே என்ற ஸ்டைல் பண்பை மாற்றும்போது சில உலாவிகளில் அட்டவணை என்ற பொருளே கழன்றுவிடும், அப்புறம் ஸ்கோப் போட்டதெல்லாம் வீண். அதற்குப் பதிலாக அட்டவணையைப் பக்கவாட்டில் நகரும் ஒரு உறைக்குள் வைத்து, அந்த உறைக்குப் பெயரும், விசைப்பலகையால் அதற்குள் போகும் வசதியும் கொடுத்தேன்.

மண்டபப் படிவத்தில்தான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல்கள் வெளியே வந்தன. முதலில் பெயர். பழைய படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டது, இரண்டும் கட்டாயம். பர்மியர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. நமக்கோ தகப்பன் பெயரின் தலையெழுத்து, பலருக்குத் தமிழில் ஒரு பெயர், பதிவில் பர்மியப் பெயர் ஒன்று. இரண்டாவது கட்டத்தில் புள்ளி வைத்தவர்கள், ஊர்ப் பெயர் எழுதியவர்கள், தன் பெயரையே பாதியாக உடைத்தவர்கள் என்று பழைய விண்ணப்பங்களில் எல்லாம் கிடந்தது. ஒரே ஒரு பெயர்க் கட்டமாக்கி, தானாக நிரப்ப உதவும் ஆட்டோகம்ப்ளீட் பண்பில் முழுப்பெயர் என்ற மதிப்பைக் கொடுத்தேன், போன் தானாகவே சேமித்த பெயரை நீட்டுகிறது.

அடுத்து தொலைபேசி எண். பர்மிய விசைப்பலகையில் அடித்தால் பர்மிய எண்கள் விழும். பழைய சரிபார்ப்பு, இலக்கம் என்றால் ஆங்கில வழக்கில் உள்ள பத்து எண்கள் மட்டும்தான் என்று பார்த்து, 'எண் தவறு' என்று சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் இலக்கத்துக்கான சுருக்கக் குறி அப்படித்தான் வேலை செய்யும், பர்மிய எண்ணோ தமிழ் எண்ணோ அதற்கு இலக்கமே இல்லை. உள்ளீட்டு வகையை நம்பர் என்று வைப்பதும் தீர்வு அல்ல. தொலைபேசி எண் கணக்குப் போடுகிற எண் இல்லை, முன்னால் உள்ள பூஜ்ஜியத்துக்கும் மதிப்பு உண்டு. டெல் என்ற வகையை வைத்தேன், போனில் எண் பலகை தானாகத் திறக்கும், பர்மிய எண்ணில் வந்தால் வாங்கிக்கொண்டு சர்வரில் மாற்றிக்கொள்கிறோம். கட்டத்தின் உள்ளே சாம்பல் நிறத்தில் எழுதிவைத்திருந்த பெயர்களை எடுத்து, உண்மையான லேபிள்களாக மேலே வைத்தேன். எழுதத் தொடங்கியதும் மறைந்துபோகிற சாம்பல் எழுத்து வயதானவர்களைப் பாதியில் விட்டுவிடும், "இதுல என்ன கேட்டான்?" என்று அழித்துப் பார்ப்பார்கள். கல்யாணமா, வளைகாப்பா, பிறந்தநாளா என்று கேட்கும் வட்டப் பட்டன்களை ஒரே குழுவாகக் கட்டும் ஃபீல்டுசெட்டுக்குள் வைத்து, கேள்வியை அந்தக் குழுவின் தலைப்பான லெஜெண்டாக வைத்தேன். லேபிள் சரியாகக் கட்டியிருந்தால் சொல்லைத் தொட்டாலே வட்டம் தேர்வாகும், நடுங்கும் விரலுக்கு அந்தக் குட்டி வட்டத்தைத் தேடிக் குத்த வேண்டியதில்லை. கண்ணில்லாதவருக்காக என்று செய்தது கண் உள்ள பாட்டிக்கும் உதவுகிறது, இந்த வேலை முழுக்க அப்படித்தான்.

ஓடும் அறிவிப்பை நிறுத்தினேன். தோற்றத்தில் மாறிய ஒரே பெரிய விஷயம் அது. எழுத்தை ஓட வைக்கும் மார்க்கீ டேக் எப்போதோ வழக்கொழிந்தது, ஓடுகிற எழுத்தைத் துரத்திப் படிக்கத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளால் முடியாது. அதே இடத்தில் ஒரு சாதாரணப் பட்டியல். வரலாற்றுப் பகுதி நீளமானது, அதை டீடெய்ல்ஸ், சம்மரி டேக்குகளில் மடித்து வைத்தேன். ஸ்கிரிப்ட் இல்லாமலே திறக்கும், மூடும். டிவ்மேல் கிளிக் வைத்திருந்த இடமெல்லாம் உண்மைப் பட்டன் ஆனது, அதனால் டேப் விசைக்கும் என்டர் விசைக்கும் எந்த நிரலும் இல்லாமல் பதில் சொல்கிறது. எச்டிஎம்எல்லில் அதற்கென்றே ஒரு டேக் இருக்கும்போது திரைவாசிப்பான் போன்றவற்றுக்குப் பொருள் சொல்லும் ஏரியா (ARIA) பண்புகளைக் கொண்டு டிவ்வைப் பட்டனாக வேடம் கட்டாதே என்பது ஏரியாவின் முதல் விதியே. இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன், ரொம்பப் பயன்பட்டது. மெனுவில் இப்போது இருக்கும் பக்கத்துக்கு வேறு நிறம் காட்ட வேண்டும் என்றால், அதற்கு வகுப்புப் பெயர் வைக்காமல், ஏரியா கரண்ட் என்ற பண்பைப் பார்த்தே ஸ்டைல் எழுதுவது. பண்பு இல்லையென்றால் நிறமும் வராது. நாளைக்கு வேறு யாராவது பக்கத்தைத் தொட்டாலும் பொருளை விட்டுவிட்டு அழகை மட்டும் வைக்க முடியாது.

நேரம். ரங்கூன் நேரம் உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னால், இந்தியா ஐந்தரை, சிங்கப்பூர் எட்டு. மாலை 6 மணி அபிஷேகம் என்றால் சென்னையில் 5 மணி, சிங்கப்பூரில் 7.30. "நேரலை எத்தனை மணிக்கு, உங்க மணியா எங்க மணியா" என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் அலுவலகத்துக்குப் போன் வரும். எல்லா நேரத்தையும் டைம் டேக்கில் போட்டு, டேட்டைம் பண்பில் நாளும் மணியும் கடைசியில் கூட்டல் 06:30 என்ற வித்தியாசமும் எழுதினேன். டைம் டேக் தானாகத் திரையில் எதுவும் செய்யாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது இருப்பதால், பார்ப்பவரின் கடிகாரம் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் பக்கத்திலேயே 'உங்கள் நேரம்' என்று காட்டுவதற்குச் சில வரி ஸ்கிரிப்ட் போதும். ஸ்கிரிப்ட் வராவிட்டாலும் ரங்கூன் நேரம் எழுத்தில் இருக்கிறது, எதுவும் கெடாது.

இதே விவரத்தைத் தேடுபொறிக்கும் சொல்ல ஸ்கீமா.ஆர்க் சொற்களில், நிரல்கள் படிக்கிற ஜேசன்-எல்டி வடிவில் ஒரு துண்டு. கூகுளும் பிங்கும் யாகூவும் 2011-இல் சேர்ந்து தொடங்கிய பொதுச் சொற்பட்டியல் அது. வழிபாட்டிடம் என்ற வகைக்குக் கீழே இந்துக் கோயில் என்றே தனி வகை இருக்கிறது. பௌத்தக் கோயில், மசூதி, தேவாலயமும் உண்டு. எங்கள் தெருவில் இவை நான்கும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன, ஆகவே வகையைச் சரியாகச் சொல்வது வெறும் அலங்காரம் அல்ல. திறக்கும் நேரம், முகவரி, ஒவ்வொரு திருவிழாவும் ஒரு நிகழ்வு, தொடக்க நேரத்தில் அதே 06:30. இதைப் போட்டால் கூகுளில் கட்டம் கட்டிக் காட்டும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், காட்டுவது உறுதியில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கேள்வி பதில் வகைக் குறியை எல்லாப் பக்கத்திலும் அடைக்கிற பழக்கமும் வேண்டாம், 2023-இலிருந்து அரசு, சுகாதாரத் தளங்கள் தவிர மற்றவற்றுக்கு அதைக் கூகுள் காட்டுவதை வெகுவாகக் குறைத்துவிட்டது. பக்கத்தில் இல்லாத ஒன்றை ஜேசனில் எழுதுவது கூடவே கூடாது.

எனக்கு மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில்தான் வந்தது. எல்லாத் துண்டுக்கும் மொழிக் குறியும், பத்தி பத்தியாகப் பி டேக்கும் இருந்ததால், தமிழ் அறிவிப்புகளுக்குப் பக்கத்தில் 'கேளுங்கள்' என்று ஒரு பட்டன் வைக்க முடிந்தது. உலாவியிலேயே உள்ள பேச்சு வசதி அதற்குப் போதும். பட்டனுக்கு அருகில் உள்ள பகுதியின் மொழிக் குறியை எடுத்து, அந்த மொழியில் பேசு என்று சொன்னால் போனில் நிறுவியிருக்கும் தமிழ்க் குரல் வாசிக்கும். போனில் தமிழ்க் குரல் இல்லையென்றால் பட்டனே தெரியாதபடி வைத்தேன். நீளமான எழுத்தை ஒரே மூச்சில் கொடுத்தால் குரோமில் சில குரல்கள் பாதியில் நின்றுவிடும், அதனால் ஒரு பி டேக் முடிந்ததும் அடுத்தது என்று கொடுத்தேன், பத்திகள் ஏற்கெனவே பிரிந்திருந்ததால் பிரிக்க ஒரு வேலையும் இல்லை. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அதைத் தட்டிக் கேட்கிறார்கள். பங்குனி உத்திர அறிவிப்பைக் கேட்டுவிட்டு என் அக்கா மகள், பால்குடம் எடுப்பவர்கள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று தன் பாட்டிக்கே சொன்னாள். இந்தப் பிள்ளைகளுக்காக அறிவிப்பைப் பர்மியத்தில் மட்டும் போட்டால் போதும் என்று ஒரு பேச்சு குழுவில் இருந்தது. இப்போது அந்தப் பேச்சு இல்லை.

சரிபார்ப்புக்கு டபிள்யூ3சி-யின் எச்டிஎம்எல் சரிபார்ப்பான், அப்புறம் அணுகல்தன்மைக் குறைகளைத் தேடும் ஆக்ஸ் என்ற கருவி. மாற்று எழுத்து இல்லாதது, லேபிள் இல்லாதது, மொழிக் குறி இல்லாதது எல்லாம் அவை பிடித்துவிடும். மாற்று எழுத்து சரியான எழுத்தா என்று அவற்றுக்குத் தெரியாது. கோபுரப் படத்துக்குப் 'படம்' என்று எழுதினாலும் பச்சை விளக்குத்தான். கோலக் கரை போன்ற அலங்காரப் படங்களுக்கு மாற்று எழுத்தை வெறுமையாக விட வேண்டும், அப்போதுதான் வாசிப்பான் தாண்டிப் போகும். எதை வெறுமையாக விடுவது என்பது மனிதர் எடுக்க வேண்டிய முடிவு. ஆகவே கடைசிச் சோதனை வாத்தியாரிடமும், சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு விசைப்பலகையில் மட்டும் மண்டபப் படிவத்தை நிரப்புவதும்தான்.

இதெல்லாம் நிலைக்க வேண்டுமென்றால் அலுவலகத்தில் அறிவிப்பு எழுதுகிறவர்களின் கருவியும் மாற வேண்டும். அவர்கள் எழுதும் திரையிலிருந்து எழுத்தின் அளவு, நிறம், எழுத்துரு பட்டன்களை எடுத்துவிட்டேன். தலைப்பு, சிறுதலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, மொழி, இவை மட்டும் இருக்கின்றன. படம் ஏற்றினால் மாற்று எழுத்து கேட்டு நிற்கும். முதலில் "சிவப்பு எங்கே தம்பி?" என்று கேட்டார்கள், சிறுதலைப்பு என்று தேர்ந்தெடுத்தால் சிவப்பு தானாக வரும் என்று காட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் மிச்சம் இருப்பது பழைய அன்னதானக் கணக்குகளும் திருவிழா நோட்டீஸ்களும், எல்லாம் ஸ்கேன் படங்கள். புதியவற்றிலிருந்து பின்னோக்கித் தட்டச்சு செய்யக் கோயில் வகுப்புப் பிள்ளைகள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். வாத்தியார் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.